கடைசியில் வந்தாலும் வெற்றிதான்!

வாலாஜாபேட்டை வாசகர்களுக்கு ஒரு கணக்கு.

காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். அது கடல்போல் நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணி. ஒருவர் அதில் இறங்குகிறார். 3.8 கிலோ மீட்டர் தூரம் நீந்துகிறார்.

கரை ஏறுகிறார். தலையைத் துவட்டக்கூட நேரம் இல்லை. வாலாஜாவில் அவருக்காகச் சைக்கிள் தயாராக நிற்கிறது. ஏறி மிதிக்கிறார். எங்கே? சென்னைக்கு! சென்னையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். காஞ்சிபுரம் பக்கம் வரும்போது 180 கிலோ மீட்டர் ஆகிவிட்டது.

அத்தோடு விட்டதா? இல்லை. சைக்கிளை அங்கேயே சாய்த்து வைக்கிறார். காலில் ஷூவை மாட்டுகிறார். அங்கிருந்து வாலாஜாவுக்கு ஓடி வருகிறார். அது ஏறத்தாழ 42 கிலோ மீட்டர்.

நள்ளிரவு 12 மணி அடிப்பதற்குள் அவர் ஊர் வந்து சேர வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் கணக்கில் சேராது.

"ஐயோ! இதை மனிதன் செய்வானா?" என்று கேட்பீர்கள்.

செய்கிறான்! ஆண்டுதோறும் உலகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இந்தப் போட்டிக்கு 'டிரையத்லான்' என்று பெயர். நான் சொன்ன நீண்ட தூரப் போட்டியை 'அயர்ன்மேன்' என்கிறார்கள். அதாவது, இரும்பு மனிதன்.

(ஏரியும் சாலையும் கணக்குக்காகச் சொன்னவை. யாரும் ஏரியில் குதித்துவிட வேண்டாம்!)

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் ராயபுரத்தில் புறப்பட்டு நம் வாலாஜா ரோட்டுக்கு வந்தது. ஊரே அதிசயப்பட்டது. அன்று அந்த நீராவி எஞ்சின் வந்த தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தூரத்தை, இன்று சோறு தின்னும் மனிதன் ஒரே நாளில் தன் கைகால்களால் கடக்கிறான்.

இவர்கள் எல்லாம் பயில்வான்களா? பணத்துக்காகப் பந்தயம் ஓடுகிறவர்களா? சிலர் அப்படி. ஆனால் பெரும்பாலோர் நம்மைப்போல் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை குட்டி உள்ளவர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர்களிடம் நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

விவாதத்தில் பிறந்தது

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவு. அங்கே ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி இருந்தார். அவர் மனைவி ஜூடித். இருவரும் உடற்பயிற்சியில் ஆசை உள்ளவர்கள்.

ஒரு நாள் நண்பர்களுக்குள் விவாதம் வந்தது. உலகத்தில் மிகுந்த உடல் வலு யாருக்கு? நீந்துகிறவனுக்கா? ஓடுகிறவனுக்கா? சைக்கிள் விடுகிறவனுக்கா?

"ஏன் சண்டை? மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடுவோம்!" என்று முடிவு செய்தார்கள்.

அந்தத் தீவில் ஒரு நீச்சல் போட்டி இருந்தது. ஒரு சைக்கிள் பயணம் இருந்தது. ஒரு மாரத்தான் ஓட்டமும் இருந்தது. மூன்று தூரங்களையும் ஒன்றாகக் கோத்தார்கள். 1978 பிப்ரவரி 18-ந் தேதி போட்டி நடந்தது. கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலில் வந்தார்.

அன்று ஹாலருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் ஜான் டன்பார் என்ற கடற்படை வீரர். ஆனால் நடு வழியில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோயிற்று என்று சொல்வார்கள். அவர் தளர்ந்தார். இரண்டாவதாகத்தான் வந்தார்.

பார்த்தீர்களா? காலில் பலம் இருந்தால் மட்டும் போதாது. கூட இருந்து தண்ணீர் கொடுக்கும் கையும் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

நீச்சல் ஏன் முதலில்?

"நன்றாக ஓடி வியர்த்த பிறகு தண்ணீரில் இறங்கினால் சுகமாக இருக்குமே?" என்று சிலர் கேட்கலாம்.

சுகமாக இருக்கும். ஆனால் உயிர் போய்விடும். களைத்தவன் சாலையில் விழுந்தால் தூக்கிவிடலாம். சைக்கிளில் தளர்ந்தால் ஓரமாக உட்காரலாம். தண்ணீரில் தளர்ந்தால் உட்கார இடம் ஏது? அதனால்தான் உடம்பு புதிதாக இருக்கும்போதே நீச்சலை முடித்துவிடுகிறார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும் நேரம்தான் மிகவும் வேடிக்கையானது. மணிக்கணக்கில் மிதித்த கால், ஓட மறுக்கும். தொடை மரக்கட்டைபோல் இருக்கும். புதிதாக வந்தவர்கள், "ஐயோ, என் கால் எங்கே?" என்று பயந்துவிடுவார்கள். சிறிது தூரம் போனால் கால் வழிக்கு வந்துவிடும். இதையும் பழகிக்கொண்டுதான் போட்டிக்குப் போக வேண்டும்.

எறும்பு கடித்தது

இனி ஒரு பையனின் கதை. இது கட்டுக்கதை அல்ல. 2020-ம் ஆண்டு நடந்தது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம். பையன் பெயர் கிறிஸ் நிக்கிச். வயது 21. அவன் 'டவுன் சிண்ட்ரோம்' என்ற குறையோடு பிறந்தவன். இந்தக் குறை உள்ள குழந்தைகளுக்கு உடம்பு வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் மெதுவாகத்தான் வரும். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. நடக்கவே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று.

அந்தப் பையன் இரும்பு மனிதன் போட்டிக்குப் போகிறேன் என்றான். அவன் தகப்பனார் சிரிக்கவில்லை. ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "நேற்றைவிட இன்று நூற்றில் ஒரு பங்கு அதிகம் செய். அது போதும்" என்பதே அந்த வழி. இன்று ஒன்று என்றால், அடுத்து ஒன்றுக்குச் சிறிது கூட. அதற்கு அடுத்து இன்னும் சிறிது.

2020 நவம்பர் 7-ந் தேதி போட்டி. பக்கத்தில் ஒரு வழிகாட்டி துணைக்கு வந்தார். நீச்சலில் கயிறு கட்டிக்கொண்டு இருவரும் போனார்கள். சைக்கிளில் போகும்போது வழியில் நின்றான். நின்ற இடம் எறும்புப் புற்று! எறும்புகள் காலைக் கடித்துவிட்டன. கால் வீங்கியது. பிறகு சைக்கிளிலிருந்து விழுந்தான். ரத்தம் வந்தது. எழுந்தான். மறுபடியும் ஏறினான்.

இரவில் ஓட்டம். நடுவில் சோர்ந்து, நின்றுவிடும் நிலைக்கு வந்தான். மறுபடியும் கால் எடுத்து வைத்தான். 16 மணி 46 நிமிடம் 9 வினாடியில் கோட்டைத் தாண்டினான். 17 மணி நேரக் கெடு முடிய 14 நிமிடம்கூட இல்லை!

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் இந்தப் போட்டியை முடித்தது உலகத்தில் அதுவே முதல் தடவை.

அவன் எத்தனையாவதாக வந்தான்? அதை யாரும் கேட்கவில்லை. முடித்தானா என்று மட்டுமே உலகம் கேட்டது. முடித்தான் என்றதும் கைதட்டியது.

82 வயது கன்னியாஸ்திரீ

வயதானவர்கள் என்ன செய்வது? அவர்களும் இருக்கிறார்கள்.

மடோனா பியூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீ, 2012-ல் கனடாவில் இந்தப் போட்டியை முடித்தார். அப்போது அவருக்கு 82 வயது! ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா என்ற தாத்தா, நீச்சலில் இறங்கியதே 60 வயதுக்குப் பிறகுதான். 2018-ல், 85 வயதில், ஹவாய்ப் போட்டியை அவர் முடித்தார்.

நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன், 2015-ல் தம் 50-வது வயதில் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 15 மணிக்கு மேல். முதல் பரிசு வாங்கவில்லை. ஆனாலும் இந்தியா முழுவதும் அவரைப் பற்றிப் பேசியது. 2019-ல் கோவாவிலேயே இதன் பாதி தூரப் போட்டி நடந்தது. அதிலிருந்து நம் நாட்டிலும் இந்த ஆசை வளர்ந்துகொண்டே வருகிறது.

நள்ளிரவில் ஒரு காட்சி

இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? நள்ளிரவுதான்.

ஹவாயில் முதலில் வரும் வீரர்கள் பகலிலேயே முடித்துவிடுவார்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிடலாம். ஆனால் அவர்களில் பலர் நள்ளிரவில் மறுபடியும் அந்தக் கோட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். எதற்கு? கடைசியாக ஓடி வருகிறவர்களைக் கைதட்டி வரவேற்பதற்கு! முதலில் வந்தவன் நின்றுகொண்டு, கடைசியில் வருகிறவனுக்குக் கைதட்டுகிறான். அதே கோடு. அதே பதக்கம்.

நம் வீட்டில் நாம் என்ன செய்கிறோம்?

பரீட்சை ரிசல்ட் வருகிறது. பையன் தேறிவிட்டான். போன தடவை 40 மார்க்கு. இந்தத் தடவை 55 மார்க்கு. சந்தோஷமாக ஓடி வருகிறான். நாம் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்பதுதான். அவன் முகம் வாடிவிடுகிறது.

முதல் இடம் ஒன்றுதான். அதில் ஒருவர்தான் நிற்க முடியும். மற்றவர்கள் எல்லாம் தோற்றவர்கள் என்று சொன்னால், ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. ரிசல்ட் நாளில் சில பிள்ளைகள் விபரீத முடிவு தேடிக்கொள்ளும் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு நள்ளிரவில் கைதட்ட ஒருவர் இருந்திருந்தால்?

முதல் தடவை இந்தப் போட்டிக்குப் போகிறவன் யாரோடு போட்டி போடுகிறான்? பக்கத்தில் ஓடுகிறவனோடு அல்ல. நேற்றைய தன்னோடு. இதுதான் நான் சொல்ல வந்த பாடம்.

நம் ஊர்க் கால்கள்

ஆம்பூரில், ராணிப்பேட்டையில், மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்கிற அண்ணன்மார்கள் இதைப் படித்துவிட்டு, "நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறவனுக்கு ஓட்டம் ஒரு கேடா?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிறவருக்கு உடற்பயிற்சியைப் பற்றி நான் சொல்லத் தேவை இல்லை. நாள் முழுவதும் நிற்கும் பொறுமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. உலகம் எங்கும் மாரத்தான் ஓடுகிறவர்கள் அந்தப் பொறுமையைத்தான் தேடி அலைகிறார்கள்.

எல்லோரும் 226 கிலோ மீட்டர் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பந்தய சைக்கிள் லட்சக்கணக்கில் விற்கிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்கவே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. கடன் வாங்கிச் செய்கிற காரியம் அல்ல இது. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் உடம்பை வளைப்பதற்குக் காசு வேண்டாம். பழைய சைக்கிள் போதும்.

அந்த ஒரு மணி நேரம் யாருக்கு?

இங்கேதான் தண்ணீர்க் கதைக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டுக்காரர் காலை 4 மணிக்கு எழுந்து ஓடப் போகிறார். மிகவும் நல்லது. அவர் திரும்பி வரும்போது சூடாக டீ வருகிறது. இட்லி வருகிறது. வேர்வைச் சட்டையைத் துவைப்பது யார்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார்? வீட்டுக்கார அம்மாள்தான். பதக்கம் மட்டும் ஐயாவின் கழுத்தில்!

நம் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம். விடியுமுன் சமைக்கிறார்கள். கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள். மாலையில் வந்து மறுபடியும் அடுப்பு. அவர்கள் தினமும் செய்வது முக்கூட்டுப் போட்டிதானே? அதற்குக் கெடுவும் இல்லை, கைதட்டலும் இல்லை.

1979-ல் நடந்த இரண்டாவது ஹவாய்ப் போட்டியில் லின் லமேர் என்ற பெண் ஒருத்தி கலந்துகொண்டாள். அவள்தான் ஒரே பெண். ஆண்களோடு சேர்ந்து ஐந்தாவதாக வந்தாள். பெண்ணால் முடியும். நேரம்தான் கிடைப்பதில்லை.

ஆகவே என் யோசனை இது. திங்கட்கிழமை காலை ஐயா ஓடட்டும். செவ்வாய்க்கிழமை காலை ஐயா டீ போடட்டும். அம்மா நடக்கப் போகட்டும். மகளும் கூடப் போகட்டும். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

எப்படித் தொடங்குவது?

ஆசை உள்ள தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் டாக்டரிடம் போங்கள். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். அதுதான் சரியான வேகம். மூச்சு இரைத்துப் பேச்சு நின்றால், வேகம் அதிகம் என்று அர்த்தம்.

எடுத்த எடுப்பில் முழு தூரம் வேண்டாம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம் என்று சிறிய போட்டி இருக்கிறது. அதை முடியுங்கள். பிறகு அதன் இரண்டு மடங்கு. பிறகு கோவாவில் நடந்தது போன்ற பாதி தூரம். அப்புறம்தான் முழு தூரம். இதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஆகட்டுமே!

நீண்ட நேரம் உழைக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்த சத்து இரண்டு மணி நேரம் சுமாருக்குத்தான் வரும். ஆகவே வழியிலேயே சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம் நல்லவை. ஆர்க்காட்டு மக்கன்பேடாவையும் ஆம்பூர் பிரியாணியையும் போட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிக்கக்கூடாது. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். உப்பும் சேர வேண்டும்.

நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். நிற்பது தோல்வி அல்ல. உயிர் இருந்தால் அடுத்த ஆண்டும் போட்டி உண்டு.

ஊருக்கு ஒரு கோரிக்கை

கடைசியாக, நீச்சல்.

முன்பெல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகினார்கள். மாமாவோ சித்தப்பாவோ மேலே நின்று பார்த்துக்கொள்வார். இன்று பல கிணறுகள் வற்றிவிட்டன. பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கிறது. ஆனால் மழை கொட்டினால்? 2021 நவம்பரில் அது கரை புரண்டு ஓடியதை நாம் பார்த்தோம்.

நீந்தத் தெரியாத பிள்ளை லீவு நாளில் ஏரியில் இறங்குகிறது. கல் குவாரிக் குட்டையில் இறங்குகிறது. பிறகு வீட்டில் அழுகுரல்.

இரும்பு மனிதன் ஆவது ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் 50 மீட்டராவது நீந்தத் தெரிந்தவர்களாக வேண்டும். வாலாஜாபேட்டை நகராட்சி 1866-லேயே ஏற்பட்டது. நாட்டின் பழைய நகராட்சிகளில் ஒன்று என்ற பெருமை நமக்கு உண்டு. நம் வட்டாரத்தில் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு பொது நீச்சல் குளம் இருக்கட்டும். கற்றுக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்கட்டும். பெண்களுக்கென்று தனி நேரம் இருக்கட்டும். பதக்கம் வாங்குவதற்காக அல்ல. பிள்ளை பிழைப்பதற்காக.

அந்தக் குளத்தில் பழகிய பிள்ளைகளில் ஒருவன் அல்லது ஒருத்தி, ஒரு நாள் எங்கோ ஒரு கடலில் இறங்கலாம். சைக்கிள் மிதிக்கலாம். ஓடலாம். எல்லோரும் போன பிறகு, நள்ளிரவு 12 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, காலை இழுத்துக்கொண்டு வந்து சேரலாம்.

அப்போது, "எத்தனையாவது?" என்று கேட்காதீர்கள்.

"முடித்தாயா, கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பலமாகக் கைதட்டுங்கள்!